ஒன்பது துண்டுக் கொடை விழாவை ஒரே படமாக்கியது: டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு

எங்கள் குலசாமி சுடலை மாடன். கோயில் அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணியிலிருந்து நடந்து போகிற தூரம். இந்த வைகாசிக் கொடையை நான்கு பேர் படம் பிடித்தோம். என்னிடம் ஒரு பழைய கேம்கார்டர், மற்ற மூன்று பேரிடமும் ஆண்ட்ராய்டு போன். கால்நாட்டில் தொடங்கி மஞ்சள் நீராட்டு வரைக்கும் மொத்தம் 26 மணி நேரக் காட்சி, சுமார் 240 ஜிபி. அதிலிருந்து 72 நிமிஷப் படம் ஒன்று வந்திருக்கிறது. அதைச் செய்து முடித்த டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ எடிட்டிங் மென்பொருளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சினிமாக்காரன் இல்லை. திருநெல்வேலி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் நிலையத்தில், தபால் பிரித்து ஓய்வு பெற்றவன். அதனால் இது கத்துக்குட்டியின் விமர்சனம். கத்துக்குட்டிகளுக்கு உதவலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் முடித்து, அப்புறம் சேர்ப்பதுதான் சரியான வழி. 26 மணி நேரத்தை ஒரே டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கி வெட்டுகிற பட்டையில், போட்டு உட்கார்ந்தால் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்கும். ஆனால் எந்த இடத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் படம் தேறுவதும் கெடுவதும் இருக்கிறது. 2019 கொடையின்போது இதை ஒரு போன் செயலியில் செய்தேன். ஒவ்வொரு பகுதியையும் தனி வீடியோவாக எக்ஸ்போர்ட் பண்ணி, அந்த வீடியோக்களை மறுபடி செயலிக்குள் கொண்டுவந்து வரிசையாக ஒட்டி, மறுபடி எக்ஸ்போர்ட். முன்னால் ஒரு தலைப்புச் சேர்க்க மறந்துபோனதால் மூன்றாவது தடவையும் எக்ஸ்போர்ட். ஒவ்வொரு தடவையும் வீடியோ புதிதாக அமுக்கப்பட்டுத் தரம் குறைகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைசியில் சாமி முகத்துச் சந்தனக் காப்பு களிமண் பூசின மாதிரி இருந்தது. தீப்பந்த வெளிச்சத்தில் புகையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இரண்டு நாள் மனசு சரியில்லை.

அதற்கும் முன்னால், எக்ஸ்பி காலத்து விண்டோஸ் மூவி மேக்கரில் தம்பி கல்யாணத்தைச் செய்தபோது இந்தப் பிரச்சினையே வரவில்லை. அன்றைக்கு ஒரு புண்ணியவான் சொல்லிக்கொடுத்தபடி பகுதிகளை டிவி-ஏவிஐ வடிவத்தில் சேமித்துச் சேர்த்தேன். அது லேசாக மட்டுமே அமுக்கும் வடிவம், மணிக்கு 13 ஜிபி பிடிக்கும். 80 ஜிபி ஹார்ட் டிஸ்கில் கல்யாண வீடியோவுக்கு இடம் பண்ண, இருந்த பாட்டையெல்லாம் அழித்தேன். மூவி மேக்கருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. நல்ல பிள்ளை, போய்விட்டது.

சரி, ரிசால்வுக்கு வருவோம். இதைச் செய்கிற பிளாக்மேஜிக் டிசைன் ஆஸ்திரேலிய நிறுவனம். சினிமாவில் வண்ணம் திருத்தப் பயன்பட்ட டாவின்சியை 2009-இல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்த்திருக்கிறார்கள். இலவசப் பதிப்பு, காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ என்று இரண்டு உண்டு. ஸ்டுடியோ 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. நான் பயன்படுத்தியது இலவசம். வாட்டர்மார்க் போடாது, நேரக் கட்டுப்பாடு இல்லை, 4கே அளவு வரைக்கும் வெளியே எடுக்கலாம். இலவசப் பதிப்பில் இல்லாத சில எஃபெக்டுகளில் முக்கியமானது இரவுக் காட்சியில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைக் குறைக்கும் வசதி. அது ஸ்டுடியோவில் மட்டும். கொடை என்றாலே பாதி ராத்திரியில்தான் நடக்கும் என்பதால் அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு ஏக்கம் உண்டு.

இதன் பலம் எனக்குப் பிடிபட்டது டைம்லைனுக்குள் டைம்லைன் என்கிற விஷயத்தில். ஒரே ப்ராஜெக்டுக்குள் எத்தனை டைம்லைன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நான் ஒன்பது வைத்தேன்: கால்நாட்டு 3 நிமிஷம், குடியழைப்பு 7, தீர்த்தம் எடுத்தல் 9, மதியக்கொடை 11, பொங்கல் 4, வில்லுப்பாட்டு 14, கணியான் ஆட்டம் 8, சாமக்கொடை 12, மஞ்சள் நீராட்டு 4. பத்தாவதாக 'முழுப்படம்' என்று ஒரு டைம்லைன் திறந்து, மற்ற ஒன்பதையும் மீடியா பூல் என்கிற காட்சிப் பட்டியலிலிருந்து இழுத்து வரிசையாக விட்டேன். ஒவ்வொன்றும் ஒற்றைக் கிளிப் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. நடுவில் எதையும் எக்ஸ்போர்ட் பண்ணவில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை வெளியே எடுக்கும்போதுதான் எல்லாம் அமுக்கப்படுகிறது, அதுவும் மூலக் காட்சியிலிருந்து நேராக. சந்தனம் சந்தனமாகவே இருந்தது.

எங்கள் சார்ட்டிங்கில் கடிதங்களைக் கட்டாகக் கட்டி, கட்டின் மேல் ஊர் பேர் சீட்டு வைத்து, கட்டுகளைப் பையில் போட்டு, பையின் வாயில் இன்னொரு சீட்டுக் கட்டுவோம். பையைத் தூக்குகிறவன் உள்ளே இருக்கும் கடிதத்தைப் பார்க்கவேண்டியதில்லை. வேண்டுமானால் அவிழ்த்தும் பார்க்கலாம். இதுவும் அதேதான். முழுப்படத்தில் வில்லுப்பாட்டுக் கிளிப்பை வலது கிளிக் செய்து திறந்தால் உள்ளே இருக்கிற வெட்டுகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. அங்கே ஒரு ஷாட்டை மாற்றினால் முழுப்படத்திலும் தானே மாறிவிடும்.

ஆனால் கட்டின் கனம் மாறினால் பை தானாகப் பெரிதாகாது. இதில் நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். மதியக்கொடையில் நையாண்டி மேளத்துக்கு இன்னும் 20 விநாடி சேர்த்தேன். முழுப்படத்தில் போய்ப் பார்த்தால் அந்த 20 விநாடி இல்லை. பகுதிக்குள் நீளம் கூடினாலும், வெளியே அந்தக் கிளிப் பழைய நீளத்திலேயே நிற்கும். ஓரத்தைப் பிடித்து நாமே இழுத்துவிட வேண்டும். குறைத்திருந்தால் வால் பக்கம் வெறும் கருப்பு ஓடும். காரணம் நியாயமானதுதான், பின்னால் வருகிற ஐந்து பகுதியும் கேட்காமல் நகர்ந்துவிடக் கூடாதே. தெரிந்துகொண்டால் தொந்தரவில்லை.

இன்னொன்று, ஒரு பகுதி மங்கி அடுத்தது தெளிகிற டிசால்வ். பகுதியைக் கச்சிதமாக முடித்துவைத்தால் டிசால்வ் போட முடியாது, மங்குவதற்கு மிச்சப் படம் வேண்டுமே. அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு விநாடி தாராளமாக விட்டு, முழுப்படத்தில் வைக்கும்போது ஓரங்களை அந்த அளவுக்கு உள்ளே தள்ளினேன். தையற்காரர் துணியில் உள்மடிப்பு விடுகிற மாதிரி. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒன்பது டைம்லைனையும் மறுபடி திறந்திருக்க மாட்டேன்.

இனி மருமகன் கதை. அக்கா மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். "மாமா, வில்லுப்பாட்டும் கணியான் ஆட்டமும் நான் வெட்டித் தாரேன், மத்ததை நீங்க பாருங்க" என்றான். சந்தோஷம். அவன் மடிக்கணினியில் தனி ப்ராஜெக்ட், என் மேசைக் கணினியில் தனி ப்ராஜெக்ட். இரண்டு கணினியில் செய்ததை ஒன்றாக்குவதுதான் இந்த வேலையின் கடினமான பாகம் என்று நினைத்திருந்தேன். அது சுலபமாகவே நடந்தது. ரிசால்வில் ப்ராஜெக்ட் என்பது நாம் பார்க்கிற கோப்பாக இருக்காது, அதன் சொந்த லைப்ரரிக்குள் இருக்கும். அதனால் வேர்ட் கோப்பைப் போல ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது, ஏற்றுமதி செய்ய வேண்டும். முழு ப்ராஜெக்டையும் டிஆர்பி கோப்பாகவும், ஒரு டைம்லைனை மட்டும் டிஆர்டி கோப்பாகவும் எடுக்கலாம். அவன் இரண்டு டிஆர்டியை வாட்ஸப்பில் அனுப்பினான். மூலக் காட்சிகள் ஏற்கெனவே இருவரிடமும் ஒரே பெயரில் இருந்தன. இறக்கினேன், எல்லாக் கிளிப்பும் சிவப்பாக வந்தன, காட்சி கிடைக்கவில்லை என்று அர்த்தம். என் வட்டில் ஃபோல்டர் வேறு இடத்தில் இருந்ததுதான் காரணம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரீலிங்க் கொடுத்து ஃபோல்டரைக் காட்டியதும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. காட்சிகள் உங்களிடம் இல்லையென்றால் டிஆர்டி மட்டும் போதாது. அதற்கு ப்ராஜெக்ட் ஆர்க்கைவ் என்று ஒன்று இருக்கிறது, காட்சிகளையும் சேர்த்துக் கட்டித் தரும், வட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

உண்மையான வில்லங்கம் ஃபிரேம் ரேட்டில் வந்தது. என் கேமரா விநாடிக்கு 25 படம், போன்கள் 30. புது ப்ராஜெக்டில் முதல் கிளிப்பைப் போடும்போது, இதன் ஃபிரேம் ரேட் வேறாக இருக்கிறது, ப்ராஜெக்டை மாற்றவா என்று ரிசால்வ் கேட்கும். மருமகன் போட்ட முதல் கிளிப் போனில் எடுத்தது. யோசிக்காமல் மாற்று என்று அமுக்கிவிட்டான். ஒரு டைம்லைன் உருவாகிவிட்டால் அதன் ஃபிரேம் ரேட்டை அப்புறம் மாற்ற முடியாது. ஆக அவனுடைய இரண்டு பகுதியும் 30, என்னுடைய ஏழும் 25. 30-ஐ 25-க்குள் வைத்தாலும் ஓடும், ஆனால் அவன் தாளத்துக்குச் சரியாக வெட்டியிருந்த இடங்கள் நழுவின. புதிதாக 25-இல் டைம்லைன் திறந்து, அவன் வெட்டியதை நகலெடுத்து ஒட்டி, ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளிப்போன இடங்களைக் கையால் சரிசெய்தேன். இரண்டு சாயங்காலம் போயிற்று. திட்டவில்லை. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த தடவை காலியான 25 டைம்லைன் ஒன்றை நானே செய்து கொடுத்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன்.

போன் வீடியோவில் இதைவிடப் பொல்லாத குணம் ஒன்று உண்டு. வெளிச்சத்தையும் சூட்டையும் பொறுத்துப் போன் ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இரண்டு நிமிஷக் கிளிப்பில் தெரியாது. வில்லுப்பாட்டை ஒரே ஓட்டமாக 40 நிமிஷம் எடுத்த கிளிப்பில் நன்றாகவே தெரிந்தது. தொடக்கத்தில் சரியாக இருந்தது, 30 நிமிஷம் தாண்டும்போது வீசுகோல் வில்லில் விழுந்த பிறகு மணி குலுங்கியது. குடம் அடிப்பவரின் கை மேலே போனபிறகு சத்தம் வந்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கே தலை சுற்றும். இதற்கு ஹேண்ட்பிரேக் என்கிற இலவச மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை நிலையானதாக்கி, தரத்தை உயர்த்தி வைத்து மாற்றி, அந்தப் புதுக் கோப்புகளோடு எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும். நான் பாதியில்தான் கண்டுபிடித்தேன். இதுவும் ஒரு அமுக்கல்தான், ஆனால் கூடுதல் தரத்தில் வைத்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

30-ஐப் பற்றிப் பேசும்போதே ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் சீரியல் செட்டும் அந்தக் கணக்கில்தான் துடிக்கும். 30 படம் எடுக்கிற போனில் பந்தலுக்குள் எடுத்த காட்சிகளில் வெளிச்சம் படபடவென்று அடித்தது. 25-இல், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு என்று வைத்து எடுத்த என் கேமராவில் அது இல்லை. எந்த எடிட்டிங் மென்பொருளிலும் அதை முழுசாகத் துடைக்க முடியாது. சாமக்கொடையில் கோமரத்தாடி, அதாவது சாமியாடுகிறவர், வேட்டைக்குக் கிளம்பும் காட்சி நான்கு கோணத்திலும் இருந்தது, இந்தப் படபடப்பினால் இரண்டு கோணத்தைத் தூக்கிப் போட்டேன். மனசு வலிக்கத்தான் செய்தது.

ஒலி. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. தனித்தனியாக முடித்த பகுதிகளைச் சேர்க்கும்போது முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம்தான். கால்நாட்டுப் பகுதியில் மூன்று பேர் மெல்லப் பேசுவதைத் தொலைக்காட்சியில் கேட்க ஒலியைக் கூட்டியிருப்பார்கள், அடுத்து நையாண்டி மேளம் வந்து வீட்டுக்காரியை எழுப்பிவிடும். ரிசால்வில் கிளிப்பை வலது கிளிக் செய்தால் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருக்கிறது, அதில் லவுட்னஸ் கணக்கில் ஒரு குறி வைக்கலாம். நான் எல்லாப் பகுதியையும் மைனஸ் 14 என்கிற குறிக்குக் கொண்டுவந்தேன், யூடியூப் தானாகச் சமப்படுத்தும் அளவும் ஏறக்குறைய அதுதான். அப்புறம் அதே குறியைக் கால்நாட்டுக்கு மட்டும் கொஞ்சம் இறக்கினேன். எல்லாம் ஒரே சத்தத்தில் இருந்தால் கொடை மாதிரி இல்லை, செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. இந்த ஒலிப் பக்கத்துக்கு ஃபேர்லைட் என்று பெயர். அதற்குள் இன்னும் என்னென்னவோ இருக்கிறது, நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

கணினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கு நிறுவனம் கேட்பது குறைந்தது 16 ஜிபி ராம், ஃபியூஷன் என்கிற எஃபெக்ட்ஸ் பக்கத்தைத் தொட்டால் 32. கூடவே தனி கிராஃபிக்ஸ் அட்டை. என்னிடம் 16-ம் 4 ஜிபி அட்டையும் உண்டு, ஃபியூஷன் பக்கம் போகவே இல்லை. காட்சிகளுக்குச் சிறிய அளவில் ப்ராக்ஸி என்கிற நகல் செய்து வைத்துக்கொண்டால் வெட்டுவது வெண்ணெய். இரவு தூங்கப் போகும்போது ஓட விட்டேன். தமிழ்த் தலைப்புகளை இங்க்ஸ்கேப் என்கிற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத படமாக எடுத்து மேலே வைத்தேன், எழுத்துருவை நினைத்தபடி கையாள அதுதான் எனக்குப் பழக்கம். லினக்ஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்புகளைத் திறக்காது, போன் வீடியோ பெரும்பாலும் அதுதான். அவர்கள் கேடென்லைவ் என்கிற இன்னொரு இலவச எடிட்டிங் மென்பொருள் பக்கம் போவது நல்லது. அதிலும் 23.04 பதிப்பிலிருந்து டைம்லைனுக்குள் டைம்லைன் வைக்கலாம். ஷாட்கட்டில்கூட ஒரு ப்ராஜெக்ட் கோப்பைக் கிளிப்பாகத் திறந்து இன்னொன்றில் சேர்க்க முடியும், பழைய கணினிக்கு ஏற்ற சாது. முடிந்துபோன இரண்டு மூன்று வீடியோவை வெட்டாமல் கொள்ளாமல் ஒட்ட மட்டும் வேண்டுமென்றால் இதெல்லாம் எதற்கு, லாஸ்லெஸ்கட் போதும். எல்லாக் கோப்பும் ஒரே வகையில் எடுத்ததாக இருந்தால் அமுக்காமலே சேர்த்துவிடும், நிமிஷத்தில் வேலை முடியும்.

வெளியே எடுத்தபோது முதல் தடவை விநாடிக்கு 16 மெகாபிட்டில் வைத்தேன், 8 ஜிபியைத் தாண்டியது. பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சிக்காக வாங்கிய பென் டிரைவில் ஏற மறுத்தது, 64 ஜிபி காலியாக இருந்தும். ஃபேட்32 வடிவமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது என்பது மருமகன் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தொலைக்காட்சியோ வேறு வடிவமைப்பைப் படிக்கவில்லை. கணக்குப் போட்டு ஒலியும் சேர்த்து 7 மெகாபிட்டில் மறுபடி எடுத்தேன், 72 நிமிஷமும் 3.8 ஜிபிக்குள் அடங்கியது. டைம்லைன் கையில் இருந்ததால் இது மூலக் காட்சியிலிருந்தே புதிதாக வந்தது, பெரிய கோப்பை அமுக்கி எடுத்ததல்ல. அந்தப் பெரிய கோப்பு யூடியூபுக்குப் போயிற்று. விவரக் குறிப்பில் 0:00-இலிருந்து ஒன்பது நேரத்தையும் எழுதிவைத்தேன், அதுவே அத்தியாயமாகப் பிரித்துக் காட்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், காசு கேட்காத பொருளுக்கு நான்கரை கொடுப்பேன். அரையைக் குறைப்பது இரவு இரைச்சலுக்காக.

இணைப்பை ஏற்றிய மறுநாள் மும்பையிலிருந்து சித்தி கூப்பிட்டார்கள். "எய்யா, எங்க அண்ணன் சாமியாடுனது எந்த இடத்துல வருது?" என்றார்கள். 56ஆவது நிமிஷத்திலிருந்து பாருங்கள் என்றேன். "அவ்வளவு நேரமெல்லாம் உக்கார முடியாது, அந்தத் துண்டை மட்டும் போனுக்கு அனுப்பு" என்றார்கள். எட்டாவது டைம்லைனைத் திறந்து, அதை மட்டும் தனியாக வெளியே எடுக்கக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனேன்.